பச்சை முதுகு

மனைவி இறந்த தை மாதத்துக்கு அடுத்த மாசியில் மணிராஜின் முதுகு பச்சையாக மாறியது. அந்த வாரம் உளுந்து விலை சரிந்திருந்தது. பருத்திக்குளத்தில் அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். பச்சை முதலில் தோள்பட்டைகளில் பாசி பிடித்ததுபோலத் தெரிந்தது. பிறகு முதுகுத்தண்டின் இருபுறமும் இறங்கி இடுப்பு வரைக்கும் பரவியது. சோப்புக்குப் போகவில்லை, மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. மாசிக் கடைசியில் பாசிப்பயற்று இலையின் நிறத்துக்கு வந்து, அதோடு நின்றுகொண்டது.

மணிராஜுக்கு அப்போது முப்பது வயது ஆகவில்லை. கோவில்பட்டியில் தாவரவியல் படித்துப் பட்டம் வாங்கியவன். படித்ததற்கு வேலை கிடைக்காமல், புதூர் போகிற வழியில் கரிசலை வளைத்துப் போட்டிருந்த ஒரு சோலார் கம்பெனியில் பேனல் கழுவுகிற ஆட்களுக்கு மேற்பார்வையாளனாக இருந்தான். மனைவி வள்ளிமயில் நிமோனியாவில் இறந்தாள். ஆஸ்பத்திரியில் அவள் விரலில் ஒரு கவ்வி மாட்டியிருந்தார்கள். அதில் தெரிந்த எண் இறங்கிக்கொண்டே வந்ததை மணிராஜ் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தான். அன்று மத்தியானம் அவள் ரசஞ்சோறு சாப்பிட்டிருந்தாள். இரண்டு கவளம் கூடுதலாகவே சாப்பிட்டாள். உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஓர் அடுப்பு இருக்கிறது என்றும், சாப்பாடு அதற்கு விறகு என்றும், மூச்சு அதை ஊதிவிடுகிற காற்று என்றும் அவன் படித்திருந்தான். பரீட்சையில் அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியவன். விறகு உள்ளே போய்ச் சேர்ந்துவிட்டது, காற்றுதான் போகவில்லை. அவ்வளவு விறகோடு அவள் அணைந்து போனதை அவனால் மறக்க முடியவில்லை. அதன்பின் சோற்றுத் தட்டைப் பார்க்கும்போதெல்லாம் அந்த ரசஞ்சோறுதான் கண் முன்னால் வந்து நின்றது.

பருத்திக்குளத்தில் ஒரு சாவு நடந்து துட்டி விழுந்த வீட்டில் பதினாறு கழிகிற வரைக்கும் அடுப்பு எரியக் கூடாது. பங்காளி வீடுகளிலிருந்து தூக்குவாளியில் சோறு வரும். பதினாறு முடிந்த மறுநாள், இறந்தவளின் கூடப்பிறந்தவள் வந்து அடுப்பைப் பற்றவைத்து முதல் உலை வைப்பாள். அன்றோடு அந்த வீடு திரும்பவும் ஊரில் ஒரு வீடாகச் சேரும். வள்ளிமயிலின் அக்கா சீனித்தாய் அரிசியும் சூடமும் எடுத்துக்கொண்டு வந்தாள். மணிராஜ் வாசலில் நின்று, "நாளைக்கு வைக்கலாம் மதினி" என்றான். மறுநாளும் அதையே சொன்னான். மூன்றாவது முறை சீனித்தாய் அரிசியை அங்கேயே வைத்துவிட்டுப் போனாள். அது அப்படியே இருந்து வண்டு விழுந்தது. பங்காளி வீட்டு வாளிகளும் பதினாறோடு நின்றுபோயின. அவனுக்குப் பசிக்கவில்லை. வேலையிடத்தில் பேனல் வரிசைகளுக்கு நடுவில் சட்டையைக் கழற்றிவிட்டு வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பான். எங்கே பார்த்தாலும் வெயிலை வாங்கிக் கம்பியில் அனுப்பிக்கொண்டிருக்கிற பலகைகள். அந்தக் கூட்டத்தில் நின்று நின்று அவன் உடம்பும் அதே வேலையைக் கற்றுக்கொண்டது என்று ஊரில் சொன்னார்கள். யாருக்கும் அதில் சந்தேகம் வரவில்லை.

துணை சுகாதார நிலையத்து நர்ஸ் அவன் முதுகை செல்போனில் படம் பிடித்துக்கொண்டு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தாள். டவுனில் ஒரு டாக்டர் தடவிப் பார்த்து, அரிப்பு இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றான். "அரிப்பு இல்லைன்னா விட்டுருங்க" என்றார். ஆட்டுக்கார வெயிலுமுத்துவுக்குத்தான் சங்கடம். மணிராஜ் தெருவில் நடந்தால் கிடை முழுவதும் அவன் பின்னால் திரும்பியது. ஒரு வெள்ளாடு தோளில் வாய் வைத்தே பார்த்துவிட்டது. பஸ் நிறுத்தத்தில் டீக்கடை போட்டிருந்த அல்லாபிச்சை மட்டும் விடாமல் அவனைச் சீண்டிக்கொண்டிருந்தார். அவன் துட்டி வீட்டுக்காரன் என்பதால் எல்லாரும் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். அல்லாபிச்சை தாழ்த்தவில்லை.

"மாப்ள, ஒனக்கு டீ போட்டா பாலுக்குத்தான் கேடு. ஒரு செம்பு தண்ணி தாரேன். கால்ல ஊத்திக்கிடுதியா?"

"வாயிலயே குடிக்கேன் மாமா."

"ஏலே, மரத்துக்கு ஏதுல வாயி?"

கடையில் எல்லாரும் சிரித்தார்கள். மணிராஜ் தண்ணீரைக் குடித்துவிட்டுச் செம்பைக் கவிழ்த்து வைத்தான். தண்ணீர் மட்டும் அவனுக்கு வேண்டியிருந்தது.

தீப்பெட்டி ஆபீஸில் இருபது வருஷம் மருந்து முக்கி நெஞ்சு கெட்டுப்போன பார்வதியம்மாளுக்குப் பங்குனியில் இழுப்பு அதிகமாகும். ஒருநாள் தற்செயலாக அவன் பக்கத்தில் உட்கார்ந்து புகையிலை கிள்ளியவளுக்கு நெஞ்சு லேசானது. அதிலிருந்து மத்தியான வேளையில் அவன் எங்கே நிற்கிறானோ அங்கே சாக்கை விரித்து உட்கார்ந்துகொள்வாள். ஊரில் மூச்சுமுட்டு உள்ளவர்கள் இன்னும் இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள். யாரும் அவனிடம் பேசவில்லை. அவனும் பேசவில்லை. நான்கு மணி ஆனதும் சாக்கை உதறி எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். மரத்தடியில் இருட்டுகிற வரை உட்காரக் கூடாது என்பது அவர்களுக்குப் பழக்கமான விஷயம்.

படித்தவன் என்பதால் மணிராஜுக்கு ஒன்று ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டது. கணக்கு இடித்தது. நடந்து, பேசி, சுமந்து, உடம்பைச் சூடாகவும் வைத்துக்கொள்ள ஒரு மனிதனுக்கு வேண்டிய சக்தியை வெயிலிலிருந்து மட்டும் எடுப்பதென்றால், அவன் தோலை ஒரு வீட்டு மனை அளவுக்கு விரித்துப் போட வேண்டும். அவனுக்கு இருந்தது ஒரு முதுகு. வரவு குறைவு என்றால் செலவைக் குறைக்க வேண்டும். முதலில் சிரிப்பை விட்டான். அது ஏற்கெனவே போயிருந்தது. பிறகு பேச்சு. பிறகு நடை. சித்திரையில் வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டு, ஊருக்குக் கிழக்கே தரிசாகக் கிடந்த சொந்தப் புஞ்சையில் போய் நிற்க ஆரம்பித்தான். காலையில் முதுகைக் கிழக்கே காட்டி நின்றால், பொழுது சாய்கிறபோது மெல்லத் திரும்பி மேற்கே காட்டியிருப்பான். அதுதான் அவன் செய்த ஒரே வேலை. மரங்கள் ஏன் நடப்பதில்லை என்பது அவனுக்கு அந்தக் கோடையில் விளங்கியது. அழுவதற்குக்கூடச் சக்தி வேண்டும். அது இல்லாததால் அழுகை வரவில்லை. நினைப்பதற்கும் சக்தி வேண்டும். மத்தியானம் நல்ல வெயிலில் வள்ளிமயிலின் முகம் ஒரு தடவை வந்துபோகும். மேகம் மறைத்தால் அதுவும் வராது. அப்படி இருப்பது அவனுக்குச் சௌகரியமாக இருந்தது.

அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை, முத்துமணி. ஐந்து வயது. அம்மா போன பிறகு பெரியம்மா சீனித்தாய் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்து, அப்பாவின் பச்சை முதுகில் கன்னத்தை வைத்துத்தான் தூங்குவாள். குளிர்ச்சியாக இருக்கிறது என்பாள். அவன் புஞ்சைக்குப் போகத் தொடங்குவதற்கு முன்பே, பங்குனி முடிகிற சமயத்தில் சீனித்தாய் ஒரு சாயங்காலம் வந்து வாசலில் நின்றாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. புருஷன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான், பொங்கலுக்கு வருவான்.

"தம்பி, தப்பா நெனைக்காதீங்க. பகல்ல நீங்க விடுத காத்து நல்ல காத்துன்னு ஊரே சொல்லுது. இல்லைங்கல. ஆனா ராத்திரி? புளியமரத்தடியில பிள்ளையத் தூங்கப் போட்ட கணக்கால்லா இருக்கு. ஏற்கெனவே தங்கச்சிய மூச்சுமுட்டுக்குக் குடுத்துட்டு நிக்கேன்."

அது தப்பு என்று மணிராஜுக்குத் தெரியும். இரவில் மரமும் மனிதரும் மாடும் ஒரே மாதிரிதான் மூச்சு விடுகிறார்கள். உள்ளே இருக்கிற அடுப்பு வெயில் போன பிறகும் எரிய வேண்டுமே. அதற்காக எல்லாரும் ஒரே காற்றை இழுத்து ஒரே காற்றை விடுகிறார்கள். பிள்ளையின் பக்கத்தில் சீனித்தாய் படுத்தால் விடுவதைவிட அவன் விடுவது கூடுதலாக இருக்காது. இதைச் சொல்ல ஐந்தாறு வாக்கியம் போதும். ஐந்தாறு வாக்கியத்துக்கு அவனிடம் தெம்பு இல்லை. "சரி மதினி" என்றான். சீனித்தாய் உடனே போகவில்லை. அவன் இன்னும் ஏதாவது சொல்வான், சண்டை போடுவான், குறைந்தபட்சம் பிள்ளையைத் தூக்கிக் கொடுப்பான் என்று எதிர்பார்த்தவள்போல நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு தானே உள்ளே போய்ப் பிள்ளையின் பாவாடைகளை ஒரு பையில் எடுத்துப் போட்டுக்கொண்டு, அவளைக் கையில் பிடித்துக் கூட்டிப்போனாள். முத்துமணி தெரு திரும்புகிற வரை திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அந்த இரவு மணிராஜுக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

வைகாசி, ஆனி, ஆடி. காற்றாலைக் காற்றாடிகள் சுற்றின. கழுகுமலைக்குக் கல்யாணத்துக்குப் போனவர்கள் போய்வந்தார்கள். சோலார் கம்பெனியில் அவன் இடத்துக்கு வேறு ஆள் வந்தான். முத்துமணி பகலில் சில வேளை புஞ்சைக்கு வந்து பார்வதியம்மாளின் சாக்கில் உட்கார்ந்திருப்பாள். வந்தவளுக்கு அவன் தலையை அசைப்பான். ஆவணியில் சீனித்தாய் மூச்சிரைக்க வரப்பேறி வந்தாள்.

"பிள்ள சாப்பிட மாட்டேங்கா தம்பி. மொதல்ல ருசி புடிக்கலைன்னு நெனச்சேன். நேத்து பாக்கேன், இட்லியப் பிட்டுக் கோழிக்குப் போட்டுக்கிட்டு இருக்கா. அடிச்சுக்கூடப் பாத்துட்டேன். மத்தியானம் வெயில்ல போயி முதுகக் காட்டி உக்காந்துக்கிடுதா. கேட்டா வாயத் தெறக்க மாட்டேங்கா, ஒங்கள மாரியே."

"பாக்கேன்" என்றான் மணிராஜ். அந்த ஒரு சொல்லுக்கே அன்றைய மத்தியானத்தின் பாதி செலவாகிவிட்டது. அவன் பார்க்கவில்லை. சீனித்தாய் தினமும் பிள்ளையின் கவுன் பையில் ஒரு கடலைமிட்டாயைப் போட்டு அனுப்பினாள், மற்றது இல்லாவிட்டாலும் அதையாவது தின்னட்டும் என்று.

புரட்டாசியில் ஊர்க் காளியம்மனுக்குப் பொங்கல் திருவிழா சாட்டினார்கள். பெண்கள் முளைப்பாரி போட்டார்கள். அகன்ற மண்சட்டிகளில் எருவும் குளத்துக் கரம்பை மண்ணும் பரப்பி, ஊறவைத்த பயறும் மொச்சையும் சோளமும் தூவி, ஜன்னல் இல்லாத ஒரு வீட்டில் வரிசையாக வைத்துக் கதவைச் சாத்திவிடுவார்கள். அந்த வீட்டுக்குள் ஆண்கள் போகக் கூடாது, வெளிச்சமும் போகக் கூடாது. விரதம் இருக்கிற ஒருத்தி மட்டும் போய்த் தண்ணீர் தெளிப்பாள். இருட்டில் முளைகள் வெளிறிய மஞ்சளில், நூல்போல, முழ நீளத்துக்கு வளர்ந்து நிற்கும். எந்தச் சட்டியிலாவது வெளிச்சம் பட்டுப் பச்சை தட்டினால் அது ஆகாது என்று தனியாக எடுத்து வைத்துவிடுவார்கள். அந்த வருஷம் தங்கச்சி பேரில் ஒரு சட்டியைச் சீனித்தாயே போட்டாள். சாயங்காலமானால் ஊர்ப் பெண்கள் எல்லாரும் அந்த வீட்டு வாசலில் கூடிக் கும்மி கொட்டினார்கள்.

அந்த வாரம் வானம் மூடிக்கொண்டது. மழை இல்லை, வெயிலும் இல்லை. பருவம் முந்தி வருகிறதென்று சில பேர் விதைப்புக்கு உழுது போட்டார்கள். பார்வதியம்மாள் கும்மிக்குப் போய்விட்டாள். மணிராஜின் முதுகு பழுக்கப் போகும் இலைபோல வெளுத்துக்கொண்டு வந்தது. மூன்று நாளாக அவனால் மேற்கே திரும்ப முடியவில்லை. காலையில் நின்றபடியே சாயங்காலமும் நின்றான். அப்படி நிற்கும்போதுதான் முத்துமணி தனியாக வரப்பில் நடந்து வந்தாள். வழியில் இரண்டு தடவை உட்கார்ந்து எழுந்து வந்தாள். வந்ததும் எதிரில் நின்றுகொண்டு கேட்டாள்.

"அப்பா, முளைப்பாரி வீட்டுல சந்து வழியாப் பாத்தேன். உள்ள இருட்டு. அதுக வெயிலும் திங்கல, சோறும் திங்கல. பெறகு எப்படி வளருது?"

அவனுக்குத் தெரிந்த கேள்வி. அவனையும் அறியாமல் பதில் வந்தது.

"விதைக்குள்ள சோறு இருக்கும்மா. செடி காய்க்கும்போதே தன் பிள்ளைக்குன்னு கட்டிக் குடுத்து விட்டுரும். கட்டுச்சோறு மாரி. அதத் தின்னுதான் இருட்டுக்குள்ள வளருது."

"அவுக அம்மா கட்டிக் குடுத்ததா?"

"ஆமா."

"அது தீந்து போச்சுன்னா?"

தூரத்தில் கும்மிச் சத்தம் கேட்டது.

"தீந்து போச்சுன்னா செத்துரும். அதுக்குள்ள வெளிய வந்து பச்சையாயிரணும்."

"நானும் அதுக்குத்தான் பாக்கேன். வரவே மாட்டேங்கு" என்றாள் முத்துமணி. கவுனின் பின்பக்க ஊக்கைத் தானே எக்கிக் கழற்றிக்கொண்டு, திரும்பி நின்று முதுகைக் காட்டினாள். "நல்லாப் பாருங்க. வந்திருச்சா? பச்சையாயிட்டா ஒங்க காத்து என்னைய ஒண்ணும் செய்யாதுல்லா. நம்ம வீட்லயே படுத்துக்கிடலாம்."

அந்த முதுகில் பச்சை இல்லை. வள்ளிமயிலின் நிறத்தில் இருந்தது. தோலுக்கு அடியில் விலா எலும்புகள் ஒவ்வொன்றும் தெரிந்தன. அவள் மூச்சு விடும்போது அவை விரிந்து சுருங்கின. பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பார்க்காமல் விட்டதை மணிராஜ் அப்போதுதான் பார்த்தான். வந்திருச்சா என்று அவள் இன்னொரு தடவை கேட்டாள். கேட்டபடியே முழங்கால் மடங்கி, உழாத கரிசலில் ஒருக்களித்து விழுந்தாள்.

அவன் குனிந்தான். குனிய முடிந்தது. இரண்டு கைகளையும் அவளுக்கு அடியில் கொடுத்தான். தூக்க வரவில்லை. ஐந்து வயதுப் பிள்ளை, அதுவும் மெலிந்த பிள்ளை, கால் மூட்டை தவசத்தின் கனம்கூட இருக்காது. மறுபடியும் முயன்றான். கைகள் அவளுக்கு அடியில் கிடந்தன, எழும்பவில்லை. எட்டு மாதமாக அவன் சேர்த்ததெல்லாம் நிற்பதற்கு மட்டும் போதுமானது. தூக்குவதற்கு ஒரு துளியும் மிச்சமில்லை. ஊரைப் பார்த்துக் கூப்பிட்டான். அது அவன் காதுக்கே கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் ஊர் முழுக்கக் கும்மியில் இருந்தது. மேலே பார்த்தான். மேகம் அசையவில்லை. வெயில் வரும் என்று காத்திருப்பது ஒரு மரம் செய்யக்கூடிய காரியம்.

முத்துமணி மயங்கியும் மயங்காமலும் கண்ணைத் திறந்து திறந்து மூடினாள். கவுன் பை புடைத்திருந்தது. உள்ளே கையை விட்டான். கடலைமிட்டாய்கள். சீனித்தாய் தினமும் போட்டுவிட்டதை ஒன்றும் தின்னாமல் அத்தனையையும் சேர்த்து வைத்திருந்தாள். பாகு இளகி ஒன்றோடொன்று ஒட்டி, கவுன் நூலும் மண்ணும் படிந்த ஒரு கட்டியாக இருந்தது. ஓரத்தில் பிட்டு, அவளை மடியில் சாய்த்து, அவள் உதட்டில் வைத்தான். அவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"தின்னும்மா."

தலையை ஆட்டினாள். பிறகு மெல்லிய குரலில், "நீங்க?" என்றாள்.

மணிராஜ் கையிலிருந்ததைப் பார்த்தான். ரசஞ்சோற்றின் நினைப்பு வந்தது. யாரோ ஒருத்தருடைய புஞ்சையில் கடலைச்செடி இதே மாதிரி நின்று, இதே வெயிலை வாங்கி, மண்ணுக்குள் தன் பிள்ளைக்கென்று கட்டிவைத்ததுதான் இந்தப் பருப்பு. எங்கேயோ ஒரு கரும்பு வாங்கிய வெயில்தான் இந்த வெல்லம். ஒரு வருஷத்து வெயில் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு இருந்தது. அவன் பெரிய துண்டாகப் பிட்டு வாயில் போட்டான். தாடை வலித்தது, பற்கள் மெல்ல மறந்திருந்தன. வெல்லம் கரைந்து நாக்கின் ஓரத்தில் கூசியது. விழுங்கினான். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். தொண்டைக்குழி இறங்கி ஏறியதைப் பார்த்த பிறகுதான் வாயைத் திறந்தாள். அவளுக்கு ஒரு பிட்டு, அவனுக்கு ஒரு பிட்டு என்று இரண்டு பேரும் அந்தக் கட்டியைத் தின்றார்கள். நூலைத் துப்பினார்கள்.

முதலில் வயிறு பிடித்துக்கொண்டு வலித்தது. அதன் பிறகு சூடு வந்தது. நெஞ்சில் தொடங்கித் தோளுக்கும் தொடைக்கும் விரல் நுனிகளுக்கும், தெரு நீளத்துக்கு வீடு வீடாக அடுப்புப் பற்றிக்கொண்டு வருவதுபோல அது வந்தது. பெருமூச்சு ஒன்று வாங்கினான். மாசியிலிருந்து அவ்வளவு காற்றை அவன் உள்ளே இழுத்ததில்லை. காற்று போய்ச் சேர்ந்தது. சேர்ந்த இடமெல்லாம் எரிந்தது. வள்ளிமயிலுக்குக் கிடைக்காமல் போனது இதுதான் என்று உடம்பால் தெரிந்துகொண்டான். உடனே அழுகை வந்தது. அதற்கும் இப்போது சக்தி இருந்தது. அழுதுகொண்டே எழுந்தான். பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வரப்பில் நடந்தான். வழியில் வெயிலுமுத்துவின் ஆடுகள் எதிரில் வந்தன. ஒன்றிரண்டு மோந்து பார்த்தன.

முளைப்பாரி வீட்டு வாசலுக்கு ஓர் ஆண்பிள்ளை, அதுவும் எட்டு மாதமாக வாய் பேசாதவன், "மதினி" என்று கத்திக்கொண்டு வந்ததில் கும்மி நின்றது. சீனித்தாய் ஓடிவந்து பிள்ளையை வாங்கினாள். யாரோ நீராகாரத்தில் உப்புப் போட்டுக் கொண்டுவந்தார்கள். முத்துமணி அப்பாவைப் பார்த்தாள். அவன் முதலில் ஒரு மடக்குக் குடித்தான். பிறகு அவள் குடித்தாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்த பார்வதியம்மாள், "மரம் கஞ்சி குடிக்கி, பாருங்கடி" என்றாள். பெண்கள் சிரித்தார்கள். சீனித்தாய் மட்டும் சிரிக்காமல் மூக்கைச் சிந்தினாள்.

அன்று விளக்கு வைக்கிற நேரத்தில் சீனித்தாய் புதிதாக அரிசி கொண்டுவந்து மணிராஜ் வீட்டு அடுப்பைப் பற்றவைத்தாள். வண்டு விழுந்த அரிசியைக் கோழிக்குக் கொட்டினாள். பதினாறு கழிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அதனால் சடங்கு செல்லாது என்று யாரும் சொல்லவில்லை. உலை கொதிக்கும்போது மணிராஜ் சொன்னான், "பிள்ள இன்னைக்கு இங்கனயே படுக்கட்டும் மதினி."

"காத்து?"

"ராத்திரி எல்லாருக்கும் ஒரே காத்துதான். மரமும் அதத்தான் விடுது, நீங்களும் அதத்தான் விடுதீங்க. என் பக்கத்துல படுத்தா ஒண்ணும் செய்யாது. ஒங்க பக்கத்துல படுத்தா என்ன உண்டோ அதுதான்."

சீனித்தாய் அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். "இது ஒங்களுக்கு அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டா பிள்ளைய என் கையில விட்டீங்க?"

மணிராஜ் ஒரு விறகை எடுத்து அடுப்புக்குள் தள்ளினான். சீனித்தாய் சோற்றை வடித்துவிட்டு, ரசம் வைக்கப் புளியைக் கரைத்தாள். அவன் அதையும் சாப்பிட்டான்.

பொங்கல் முடிந்து முளைப்பாரியைக் குளத்தில் கரைக்கப் போனபோது வள்ளிமயில் பேரில் போட்ட சட்டியை முத்துமணி தூக்குவேன் என்று அடம்பிடித்தாள். கனம் தாங்காது என்பதால் அவளைத் தோளில் வைத்து மணிராஜ் நடந்தான். சட்டியை அவள் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். குளத்தில் தண்ணீர் இல்லை, தோண்டிய பள்ளத்தில் ஊற்றித்தான் கரைத்தார்கள். சட்டியிலிருந்து ஒரு பயற்றஞ்செடியை மட்டும் முத்துமணி யாருக்கும் தெரியாமல் பிடுங்கி வந்து வீட்டுக் கொல்லையில் நட்டாள். அது பச்சையானது. கார்த்திகையில் ஆறு காய் காய்த்தது.

மணிராஜின் முதுகு பழைய நிறத்துக்குத் திரும்பவில்லை. கோடையில் கரும்பச்சையாகும், அடைமழைக் காலத்தில் வெளிறும். அவன் பழைய சோலார் கம்பெனிக்கே வேலைக்குப் போனான். அடுத்தடுத்த வருஷங்களில் ஒரு வருஷம் மழை பொய்த்தது, ஒரு வருஷம் மக்காச்சோளத்தில் புழு விழுந்தது, ஒரு வருஷம் நன்றாக விளைந்து விலை இல்லாமல் போனது. மறுகல்யாணம் பேசி வந்த ஒரு தரகர் முதுகைப் பற்றிக் கேட்டார். துவைத்தால் சாயம் போகாத துணி என்று அல்லாபிச்சை பதில் சொல்லி அனுப்பினார். பார்வதியம்மாள் இறக்கிற வரைக்கும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் சாக்கோடு வந்தாள். பள்ளிக்கூடத்தில் முத்துமணி தன் குடும்பத்தைப் படம் வரைந்தபோது அப்பாவுக்குப் பச்சைக் கலர் அடித்தாள். டீச்சர் அதைத் தப்பு என்று போடவில்லை. தை மாதம் வள்ளிமயிலுக்குத் திதி கொடுக்கிற நாளில் மட்டும் அவன் காலையிலேயே சட்டையைக் கழற்றிவிட்டுப் புஞ்சையில் போய் அசையாமல் நிற்பான். அன்றைக்கு ஊரில் யாரும் அவனைக் கூப்பிட மாட்டார்கள். பொழுது உச்சிக்கு வந்ததும் முத்துமணி வரப்பில் வந்து நிற்பாள்.

"அப்பா, வெயில் போதும். சோறு ஆறுது."

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வருவான்.